சின்னதாகவும் வேண்டும், லேசாகவும் வேண்டும்: சொந்தக் கீபோர்டுக்கு எந்த ஸ்விட்ச்?

சொந்தமாகக் கீபோர்டு கட்ட உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிராம் ஸ்விட்ச் நல்லது?" என்பதுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: கீயின் அடியிலுள்ள ஸ்விட்சுகள் உட்காரும் மின்சுற்றுப் பலகையில், அதாவது பிசிபியில், எந்தத் துளை? லேசா கனமா என்பதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்பிரிங்கை மாற்றலாம். சாக்கெட் வைத்த போர்டு என்றால் ஸ்விட்சையே உருவிவிட்டு வேறு செருகலாம். துளை போட்டது போட்டதுதான். ஸ்விட்சில் எம்எக்ஸ் என்று உயரமான பெரிய வகையும், சோக் என்று தட்டையான சின்ன வகையும் உண்டு. எம்எக்ஸுக்கான போர்டில் சோக் உட்காராது, சோக்குக்கான போர்டில் எம்எக்ஸ் உட்காராது. இரண்டுக்கும் சேர்த்துத் துளை போட்ட பிசிபிகள் உண்டு. அவற்றிலும் கீகளுக்கு இடையிலான தூரம் பெரியவருக்கு ஏற்றபடிதான் இருக்கும், சின்னவருக்குக் கிடைக்க வேண்டிய லாபம் போய்விடும்.

அதனால் இந்த ஒப்பீட்டை அளவில் தொடங்கி எடைக்கு வருகிறேன். மனதில் வைத்திருப்பது ஒரு குறிப்பிட்ட போர்டு: கோர்னே போன்ற 42 கீ, இரண்டாகப் பிளந்தது, மடிக்கணினிப் பையில் போகக்கூடியது. ஆள், நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர், சாயங்காலம் ஆனால் விரல் கணு கனக்கிறவர். (வலி நிரந்தரமாக இருந்தால் ஸ்விட்ச் வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். லேசான ஸ்விட்ச் உழைப்பைக் குறைக்கும், வைத்தியம் பார்க்காது.)

முதலில் ஆகாதவற்றை ஒதுக்கிவிடலாம்.

சென்னை ரிச்சி தெருவில் கைநிறையக் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் டாக்ட் ஸ்விட்ச் பலரின் முதல் ஆசை. சின்னது, மலிவு, சாலிடர் பண்ண எளிது. ஆனால் ஓம்ரானின் பி3எஃப் வரிசையை எடுத்துக்கொண்டால் அதில் லேசானதற்கே சுமார் 100 கிராம் விசை வேண்டும். 150, 260 என்று மேலே போகிறது. நகர்வோ கால் மில்லிமீட்டர். ரிமோட்டுக்குச் சரி, கட்டுரை தட்டச்சு செய்ய ஆகாது. மவுஸுக்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் அதைவிடப் பரவாயில்லை, 75 கிராம் வட்டத்தில். அதுவும் நாம் தேடும் லேசு இல்லை, தலையில் கேப் (விரல் படும் தொப்பி) மாட்டவும் வழியில்லை.

செர்ரியின் எம்எக்ஸ் யுஎல்பி பார்க்க அழகு. உயரமே 3.5 மில்லிமீட்டர்தான், நகர்வு 1.8. 2021-இல் ஏலியன்வேர் மடிக்கணினிகளோடு வந்தது. ஆனால் 65 சென்டிநியூட்டன் கேட்கிறது (ஒரு சென்டிநியூட்டன் ஏறக்குறைய ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்), பிசிபியின் மேல்பரப்பிலேயே ஒட்ட வேண்டிய வகை, வீட்டுச் சாலிடர் அயர்னுக்குத் தோதானதில்லை. டோப்ரேயில் 30 கிராம் உண்டு, விரலுக்குச் சுகம் என்பார்கள்; ஆனால் அதைத் தனித்தனி ஸ்விட்சாக வாங்கிச் செருக முடியாது, ரப்பர் குமிழும் மின்தேக்க உணரியுமாக முழுப் போர்டாகவே வரும். காந்த ஸ்விட்சுகள் தனிக் கதை. எந்த ஆழத்தில் எழுத்து விழ வேண்டும் என்பதை மென்பொருளிலேயே மாற்றலாம் என்பது பெரிய வசதி. அதற்கென்றே உணரிகள் வைத்த பிசிபி வேண்டும், பெரும்பாலும் எம்எக்ஸ் உயரம்தான். விளையாடுகிறவர்கள் பார்க்கட்டும்.

மிச்சம் இருப்பவை மூன்று: எம்எக்ஸ் வகை, கைல் சோக் வி1, நடுவில் நிற்கும் சோக் வி2 மற்றும் கேட்டரான் லோ புரொஃபைல்.

சோக் வி1 எவ்வளவு சின்னது?

எம்எக்ஸ் என்பது செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த வடிவம். காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல் என்று எல்லோரும் அதே அளவில் செய்கிறார்கள். பிசிபியின் மேல்பரப்பிலிருந்து ஸ்டெம்மின் (கேப் மாட்டும், அழுத்தினால் இறங்கும் தண்டு) நுனி வரை சுமார் 15 மில்லிமீட்டர். சோக் வி1-இல் அதே அளவு சுமார் 8. இதற்கு மேல் கேப் ஏறும்: எம்எக்ஸ் கேப் உயரமானது, சோக் கேப் தட்டையான ஓடு மாதிரி. ஆக மொத்தத்தில் ஒன்று செங்கல், மற்றது பிஸ்கட். மணிக்கட்டு எவ்வளவு மேல்நோக்கி மடங்குகிறது என்பதை இந்த உயரம்தான் தீர்மானிக்கிறது. எம்எக்ஸ் போர்டுக்கு முன்னால் மணிக்கட்டுத் திண்டு வைக்கத் தோன்றும். சோக் போர்டில் பெரும்பாலானவர்களுக்கு அந்த நினைப்பே வராது. விரல் வலிக்காக ஸ்விட்ச் தேடுகிறவர்கள் கிராமையே பார்த்துக்கொண்டிருந்து இந்த ஏழு மில்லிமீட்டரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது லாபம் இடைவெளி. எம்எக்ஸ் போர்டில் ஒரு கீயின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 19.05 மில்லிமீட்டர், இரண்டு திசையிலும். சோக் வி1-ஐ 18-க்கு 17 என்று நெருக்கலாம். நடு வரிசையிலிருந்து மேல் வரிசைக்குப் போகும் விரல் ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் பிடிக்கிறது. விரல் குட்டையானவர்களுக்கு இது உடனே தெரியும். பனைமரக் கை உள்ளவர்கள் நெருக்கமாக இருக்கிறது என்று சிணுங்கவும் கூடும். ஆனால் "சோக் போர்டு" என்று விற்கப்படுவது எல்லாமே 18-17 இடைவெளி இல்லை. சில 19.05-இலேயே இருக்கும். அதில் 17.5-க்கு 16.5 அளவுள்ள எம்பிகே கேப்பை மாட்டினால் பல்லிடுக்கு மாதிரி இருக்கும். வாங்கும் முன் அளவைக் கேட்டுவிடுங்கள்.

நகர்விலும் வித்தியாசம் உண்டு. எம்எக்ஸ் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், பாதியில் எழுத்து விழும். சோக் மொத்தம் 3, எழுத்து விழுவது 1.5-இல்.

சோக் வி2, கேட்டரான் கேஎஸ்-33 இரண்டும் "இரண்டு உலகத்திலும் நல்லது" என்று விற்கப்படுபவை. உயரம் குறைவு, தலையிலோ எம்எக்ஸ் மாதிரி கூட்டல் குறி. அதனால் எந்தக் கேப்பும் மாட்டலாம் என்கிறார்கள். பாதி உண்மை. தலையில் மாட்டும், ஆனால் சில கேப்களின் கீழ்விளிம்பு அழுத்தும்போது ஸ்விட்சுகளைப் பிடித்திருக்கும் தட்டில் இடிக்கும். இன்னொன்று, எம்எக்ஸ் அளவுக் கேப் என்றால் இடைவெளி 19-க்குத் திரும்பிவிடும், ஆக நெருக்கம் போச்சு. கிடைப்பது உயரக் குறைவு மட்டும். லேசான வகைகளும் சோக் வி1-இல் உள்ள அளவுக்கு இல்லை. கடையில் வாங்கும் கீக்ரான் போன்ற தட்டைக் கீபோர்டுகளில் கேட்டரானைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். நாமே கட்டும் சின்னப் போர்டுக்கு அதைத் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

பெயர்க் குழப்பம் இங்கே பணத்தைத் தின்னும். வி1-இன் அடியில் இருக்கும் நடுக்காம்பு 3.4 மில்லிமீட்டர் தடிமன், வி2-வுடையது 5. வி1-க்காகத் துளைத்த போர்டில் வி2 இறங்காது. கேட்டரானுக்கு இரண்டோடும் ஒட்டு உறவு கிடையாது, துளை அமைப்பே வேறு. "சோக்" என்று மட்டும் எழுதி விற்கிற கடையில், படத்தைப் பெரிதாக்கி ஸ்டெம்மைப் பாருங்கள். இரண்டு பட்டைப் பள்ளம் தெரிந்தால் வி1, கூட்டல் குறி தெரிந்தால் வி2.

பெட்டியில் போட்டிருக்கும் கிராம்

சரி, லேசுக்கு வருவோம். சோக் வி1 குடும்பத்தில் சிவப்பு 50 கிராம், பழுப்பும் வெள்ளையும் 60, சிவப்பு புரோ 35, இளஞ்சிவப்பு 20. இந்த எண்ணைப் பார்த்து ஆர்டர் போடுகிறார்கள் எல்லோரும். இந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அது எழுத்து விழும் புள்ளியில் வேண்டிய விசை. விரல் அங்கே நிற்பதில்லை. அடிவரை போய் முட்டித்தான் திரும்புகிறது. ஸ்பிரிங் இறங்க இறங்கக் கனக்கும். செர்ரி எம்எக்ஸ் ரெட் 45 என்று பெயர் வாங்கியது, அடியில் முட்டும்போது 60 வாக்கில் இருக்கும். ஆகவே இரண்டு ஸ்விட்சை ஒப்பிடும்போது எழுத்து விழும் எண்ணையும் அடியில் முட்டும் எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒரே 35 கிராம் பெயரில் இரண்டு ஸ்பிரிங் இருக்கலாம், ஒன்று அடியில் சாதுவாக இருக்கும், இன்னொன்று முறைக்கும்.

அப்புறம், கைல் தன் விவரத்தாளிலேயே சோக் சிவப்புக்கு 50 என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 10 என்று போடுகிறது. 40-ம் 50 தான், 60-ம் 50 தான். அதே பையிலிருந்து எடுத்த இரண்டு ஸ்விட்ச் விரலுக்கு வேறு வேறாகப் படுவது மனப்பிரமை இல்லை.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம், பத்து ரூபாய் நாணயம் போதும். ஒன்று 7.7 கிராம், பழைய அச்சும் புதிய அச்சும் ஏறக்குறைய ஒரே எடை (ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களில் அந்த நம்பிக்கை வேண்டாம், புதியவை எடை குறைந்துவிட்டன). ஸ்விட்சைச் சாக்கெட்டில் செருகி, கேப் மாட்டி, கணினியில் ஏதாவது ஒரு எழுது பக்கத்தைத் திறந்து வையுங்கள். நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம், கேப்பைவிடப் பெரியது. அதனால் அக்கம்பக்கத்துக் கேப்களைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாரம் அவற்றின் மேல் போய்விடும். நட்ட நடுவில் ஒவ்வொன்றாக மெதுவாக அடுக்குங்கள், போடாதீர்கள், வையுங்கள். மூன்றாவது நாணயத்தில் திரையில் எழுத்து வந்தால் அது 20 கிராம் வகை. ஐந்தாவதில் வந்தால் 35. ஆறில் சும்மா இருந்து ஏழில் வந்தால் 50. கேப்பின் எடை ஒரு கிராம் சொச்சம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்டு இன்னும் கட்டவில்லையா? ஸ்விட்சின் காலுக்கு இடம் விட்டு ஒரு தெர்மாகோல் துண்டில் குத்தி நிறுத்தி, மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து இரண்டு கால்களிலும் பிடியுங்கள். பீப் வரும் நாணயத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு பையில் உள்ள எல்லாவற்றையும் இப்படிப் பார்த்து, லேசானவற்றைச் சுண்டு விரலுக்கென்று தனியே எடுத்து வைப்பது பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மோசமான பொழுதுபோக்கு இல்லை.

20-ஆ, 35-ஆ

20 கிராம் சோக்கைப் பற்றிப் படித்தவர்கள் எல்லோரும் அதற்கு ஆசைப்படுவார்கள். மேகத்தில் தட்டுவது போல என்று யாராவது எழுதியிருப்பார்கள். உண்மையில் அது எல்லோருக்குமான ஸ்விட்ச் இல்லை.

யோசிக்கும்போது உங்கள் விரல்கள் எங்கே இருக்கின்றன? கீயின் மேல் சாய்ந்து ஓய்வெடுக்கின்றன என்றால் 20 கிராம் அந்த ஓய்வைத் தட்டல் என்று எடுத்துக்கொள்ளும். திரையில் "ததததத" ஓடும். விரலைச் சற்றே தூக்கி மிதக்க விட்டே பழகியவர்களுக்கு மட்டும்தான் அது ஒத்துப்போகும். ஆனால் விரலை மிதக்க விடுவதே ஒரு உழைப்பு. முன்னங்கைத் தசை நாள் முழுக்க விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். விரலுக்கு மிச்சப்படுத்தியதைக் கைக்குச் செலவு செய்வதில் என்ன லாபம்?

ஓங்கித் தட்டுகிறவர்களுக்கும் 20 ஆகாது. கனமான ஸ்பிரிங் வழியில் கொஞ்சம் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். 20 கிராம் எதையும் நிறுத்தாது, விரல் நுனி முழு வேகத்தில் பிளாஸ்டிக் தரையில் போய் மோதும். 3 மில்லிமீட்டர் நகர்வில் அந்தத் தரை சீக்கிரமே வந்துவிடும். லேசான ஸ்விட்ச் வாங்கியும் விரல் நுனி மரத்துப்போகிறது என்கிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். அவர்கள் தட்டும் பழக்கத்தை மாற்ற வேண்டும், அல்லது அடியில் ரப்பர் தடுப்பு உள்ள சத்தமில்லாத சோக்குக்குப் போக வேண்டும். ஆம்பியன்ட்ஸ் என்ற பெயரில் வருபவை அப்படிப்பட்டவை: டுவைலைட் 35, நாக்டர்னல் 20. பக்கத்தில் ஆள் தூங்கும் வீட்டில் இரவு வேலை பார்க்கிறவர்களுக்கும் இவை உதவும்.

20 கிராமுக்கு நிஜமான நியாயம் ஒரு இடத்தில் உண்டு. ஃபெரிஸ் ஸ்வீப் போன்ற 34 கீ போர்டுகளில் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது எழுத்து என்று அமைத்துக்கொள்வார்கள். இரண்டு கேப்பின் நடு விளிம்பில் ஒரே விரலை வைத்து அழுத்துவதும் உண்டு. அப்போது பாரம் இரட்டிப்பு. 50 கிராம் சிவப்பில் அது 100, 20 கிராமில் 40. சேர்த்து அழுத்துவதையே வழக்கமாக்கிக்கொண்டவர்கள் இளஞ்சிவப்பைப் புகழ்வது இதனால்தான்.

எதிர்ப்பக்கத்தில், நடு வரிசை எழுத்துகளையே அழுத்திப் பிடித்தால் ஷிஃப்ட், கண்ட்ரோல் என்று அமைப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கீபோர்டுகளை இயக்கும் க்யூஎம்கே மென்பொருளில் இயல்பாக 200 மில்லிசெகண்டுக்கு மேல் அழுத்தியிருந்தால் அது "பிடித்தது". 20 கிராம் கீயில் விரல் சாய்ந்தாலே பிடித்த கணக்கு. எழுத்துக்குப் பதிலாகக் கண்ட்ரோல் போய், அடுத்து தட்டிய எழுத்து ஜன்னலை மூடிவிட்டுப் போகும்.

எனக்கு 35 தான் சரியென்று படுகிறது. விரல் சாய்ந்தால் தாங்கும், நினைத்தால் இறங்கும்.

எல்லாக் கீக்கும் ஒரே எடை வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாக்கெட் வைத்த போர்டின் பெரிய சுகமே இதுதான், ஆனாலும் முக்கால்வாசிப் பேர் 42 ஸ்விட்சையும் ஒரே நிறத்தில் வாங்கி முடித்துவிடுகிறார்கள். கட்டைவிரல் வலுவானது, சோம்பேறியும் கூட, எப்போதும் கீ மேலேயே படுத்திருக்கும். அதற்கு 50 கிராம் சிவப்பு வையுங்கள். 20 வைத்தால் ஸ்பேஸ் தானாக விழுந்துகொண்டே இருக்கும். சுண்டு விரலுக்கு 20 அல்லது பையில் இருக்கும் லேசான 35.

தமிழ்99-இல் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தச் சுண்டு விரல் விஷயம் இன்னும் பெரிது. அந்த அமைப்பில் உயிர் பெரும்பாலும் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். வலது சுண்டு விரலின் பங்குக்கு ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்து. இந்தப் பத்தியையே எடுத்துப் பாருங்கள், ச-வும் ய-வும் இல்லாமல் ஒரு வரி நகர்கிறதா? பலவீனமான விரலுக்கு இவ்வளவு வேலை. அங்கே 50 கிராமை வைப்பது பாவம்.

மெய் இரட்டிப்பதும் உண்டு. "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ. புள்ளி தானாக விழும். க்க, ப்ப, த்த எல்லாம் ஒரே விரல் ஒரே கீயை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டுவதுதான். இதற்கு மேடில்லாமல் வழவழவென்று இறங்கும் லீனியர் வகைதான் தோது. நடுவில் மேடு வைத்த டாக்டைலிலோ சத்தமிடும் கிளிக்கியிலோ இரண்டாவது தட்டலுக்கு மறுபடி அந்த மேட்டைத் தாண்ட வேண்டும். லேசாக வேண்டும் என்று வந்தவர்கள் பழுப்பையும் வெள்ளையையும் எடுக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

கீ எண்ணிக்கையிலும் தமிழ்99-க்கு ஒரு சொல் உண்டு. ச, ஞ, ய மூன்றும் ஆங்கில எழுத்துக் கட்டத்துக்கு வெளியே, அடைப்புக்குறிகளும் ஒற்றை மேற்கோளும் இருக்கும் இடத்தில் வருகின்றன. 34, 36 கீ போர்டுகளில் அந்த வரிசையே கிடையாது. 42 கீயில் வலது ஓரத்தில் மூன்று கீ கூடுதலாக வரும். பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்குத் தள்ளிவிட்டு, ஓரத்தில் மேலே ச, நடுவில் ய, கீழே வலது ஷிஃப்ட் இருந்த இடத்தில் ஞ என்று வைத்தால் கச்சிதமாக முடிந்துவிடும். கிரந்த எழுத்துக்கு இடது ஷிஃப்ட் போதும். ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் அடிக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, 34-க்கும் போகலாம்.

எம்எக்ஸை அப்படியே தள்ளிவிட முடியாது

உயரம் பொருட்டில்லை, பையில் போகவேண்டியதில்லை என்றால் எம்எக்ஸ் பக்கம் நிறையச் சௌகரியம் இருக்கிறது. கேட்டரான் கிளியர் 35 கிராம். அதுவும் வேண்டாம் என்றால் எந்த மென்மையான லீனியரையும் வாங்கி ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம். எம்எக்ஸைத் திறக்க ஒரு சின்னத் திறப்பான் போதும், நான்கு மூலையும் விட்டுக்கொடுத்து மூடி வந்துவிடும். சோக்கையும் திறக்கலாம், ஆனால் பிடிப்புகள் பொடிப்பொடி, ஸ்பிரிங்கும் பொடி, மேசையிலிருந்து துள்ளி விழுந்தால் துடைப்பம்தான். 42-ஐத் திறந்து மூடும் பொறுமை இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சோக்கை வேண்டிய எடையிலேயே வாங்கிவிடுவது நல்லது.

ஸ்பிரிங்கை ரொம்பக் குறைத்தால் எம்எக்ஸில் இன்னொரு தொல்லை. ஸ்டெம்மைத் தூக்கித் திருப்பிவிடுவதும் அதே ஸ்பிரிங்தான். 4 மில்லிமீட்டர் ஆழத்திலிருந்து கனமான கேப்பையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதன்மேல் கிரைடாக்ஸ் 205 போன்ற கெட்டியான கிரீஸை அள்ளிப் பூசிவிட்டால் கீ தூங்கி வழியும். லேசான ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் பூசுவதென்றால் பட்டும் படாமலும் பூசுங்கள். சோக்கில் பூசவே வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கேப்பில் எம்எக்ஸ் ராஜா. எந்த வடிவம், எந்த நிறம், எந்த விலை வேண்டுமானாலும் இருக்கிறது. சோக் வி1-க்குத் தேர்வு விரல்விட்டு எண்ணிவிடலாம், தமிழ் எழுத்துப் பொறித்தது வேண்டுமென்றால் நீங்களேதான் ஒட்ட வேண்டும். கேப்பின் அடியில் இருக்கும் இரண்டு மெல்லிய காலும் உடையக்கூடியவை. கோணலாக நெம்பிக் கழற்றினால் ஒன்று ஸ்விட்சுக்குள்ளேயே தங்கிவிடும்.

வாங்குவதும் எம்எக்ஸுக்குத்தான் எளிது. 2020 நவம்பரில் இந்தியாவில் அலிஎக்ஸ்பிரஸ் தடைசெய்யப்பட்டதிலிருந்து சோக் தேடுகிறவர்களின் பாடு கொஞ்சம் கஷ்டம். எம்எக்ஸை உள்நாட்டுக் கடைகளே வகைவகையாக வைத்திருக்கின்றன. 35 கிராம் சோக் அப்படி எப்போதும் இருப்பில் கிடப்பதில்லை, வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் ஸ்விட்ச் விலையை முந்திக்கொள்ளும். இலங்கை, சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு இந்தத் தடை இல்லை. இந்தியாவில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைப்பதுதான் கட்டுப்படியாகும்.

இதையெல்லாம் வைத்து நான் தேர்வு செய்வது சோக் வி1, 18-17 இடைவெளி, 42 கீ. கட்டைவிரலின் ஆறு கீக்கும் 50 சிவப்பு, வலது சுண்டு விரலின் ஆறுக்கும் இளஞ்சிவப்பு, மற்ற 30-க்கும் 35 புரோ. மேசையை விட்டு நகராத கீபோர்டு, கேப்பின் அழகும் முக்கியம் என்கிறவருக்கு இதே பணத்தில் 35 கிராம் எம்எக்ஸ்தான் சொல்வேன், கூடவே ஒரு மணிக்கட்டுத் திண்டு. வி2-வை இருவருக்கும் சொல்லமாட்டேன்.

ஆர்டர் போடும்போது சோக் பெரும்பாலும் பத்துப் பத்தாகத்தான் வரும். சிவப்பு ஒரு பை, இளஞ்சிவப்பு ஒரு பை, 35-இல் மூன்று பைக்குப் பதிலாக நான்கு. சாக்கெட்டில் செருகும்போது பார்க்காமல் அழுத்தினால் கால் மடங்கிவிடும், நிமிர்த்தினாலும் அடுத்த முறை ஒடியும். செருகும் முன் இரண்டு காலும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்து, சாக்கெட்டின் அடியில் ஒரு விரலை அணை கொடுத்து, நேர்க்கீழாக அழுத்துங்கள். உருவும்போதும் அதே நேர்க்கோடு. பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விட்சோடு சாக்கெட்டின் செம்புத் தடமும் பெயர்ந்து வரும், அதைச் சரிசெய்வது புதுப் போர்டு வாங்குவதைவிடக் கடினம்.